முந்நூற்றுத் தொண்ணூற்றொன்றாம் தாள்

மார்ச் 4

ஊசிக்கு,

என் வேலை போன அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன், உடம்பைப் பற்றி அப்புறம் கேட்கிறேன். மேற்பார்வை பார்த்த கண்ணாடிக்காரர். ஸ்டாப்வாட்ச்சும் கையுமாகக் கேமராக்காரர். ஜன்னலோர மேஜையில் இருமல் அக்கா. அவளுக்கு எதிரில் ரெட்டைப்பின்னல். பாதிப் பேருக்கு டீ கொடுத்துவிட்டு அப்படியே நின்ற டீக்கார அம்மா. கதவருகில் பெயிண்ட் புட்டித் தட்டோடு உன் அண்ணன். அப்புறம் நான், அப்புறம் நீ. எட்டுப் பேர். நாற்பத்தாறு வருஷம் ஆயிற்று, ஒருத்தரையும் விடவில்லை என்று நினைக்கிறேன். விட்டிருந்தால் சொல்.

இப்போது உடம்பு. என் இடது முழங்கால் என்னுடையது மாதிரியே இல்லை, மற்றபடி நடமாட்டம் உண்டு. உனக்குக் காது அடியோடு போய்விட்டது, போனில் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று உன் மகன் சொன்னான். மூணாங்கிளாஸோடு நின்றவளைப் பேனா பிடிக்க வைத்துவிட்டாய். எழுத்து பெரிசு பெரிசாக இருந்தால் சிரிக்காதே. உன் கண்ணாவது ஒழுங்காக இருக்கிறதே என்று வைத்துக்கொள்.

விஷயம் இதுதான். பழைய படங்களைச் சுத்தம் பண்ணுகிற பெண் ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். நாம் வேலை செய்த பனிக்கிழவி கார்ட்டூன் படத்தைத் திரும்ப வெளியிடுகிறார்களாம். போன வாரம் பேத்திக்குப் போட்டுக் காட்டினேன். பனிக்கிழவி தங்கையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகிறாள், அக்கா தேடிப் போகிறாள், ஒவ்வொரு கதவிலும் ஒன்றைக் கழற்றிக் கொடுக்கிறாள். செருப்பு, கூந்தல், பாட்டு, பெயர். கடைசிக் கதவில் தங்கையைப் பற்றிய ஞாபகத்தையே கொடுத்துவிடுகிறாள். கதவு திறக்கிறது. அதோடு படம் அசையாமல் நின்றுவிடுகிறது. 'அக்காவும் தங்கையும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்' என்று ஓர் ஆண் குரல். அவ்வளவுதான். பேத்தி என்னைப் பார்த்து, "போன் ரிப்பேரா பாட்டி?" என்றாள்.

அசைந்திருக்க வேண்டிய நாற்பது வினாடி. பெயிண்ட் அடிக்க உனக்கு நானூற்றெண்பது கண்ணாடித்தாள், எனக்கு நானூற்றெண்பது கண்ணாடித்தாள். அக்கா உன் தாளில், சின்னவள் என் தாளில். ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கேமராவில் பிடித்தால்தான் ரெண்டு பேரும் ஒரே அறைக்கு வருவார்கள். பிடிக்கவே இல்லை. கோடு வரைந்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் வரைந்த காகிதங்களைக் கட்டிடம் காலி பண்ணியபோது குப்பையில் போட்டார்கள். கதவு திறந்த பிறகு என்ன ஆயிற்று என்பது பாதி என் தலையிலும் பாதி உன் தலையிலும்தான் இருக்கிறது.

என் பாதியைச் சொல்கிறேன். சின்னவள் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். வலது கையை நீட்டுகிறாள். முந்நூற்றுத் தொண்ணூறாம் தாள் வரைக்கும் அவள் கண் மேலே பார்க்கிறது. தொண்ணூற்றொன்றிலிருந்து இறங்கி நேராகிறது. கருவிழியை ஒற்றை முடி பிரஷ்ஷால் வைத்தவள் நான், தப்பாது. அந்தத் தாளில் உன் அக்கா என்ன செய்தாள்?

இன்னொன்று. அந்தப் பெண்ணிடம் பழைய குறிப்பு ஒன்று இருக்கிறது. 'கடைசிக் காட்சி கைவிடப்பட்டது. காரணம், அடுக்கிய பெண்ணின் கவனக்குறைவு.' இதைப் படத்தோடு வருகிற புத்தகத்தில் போடப்போகிறார்கள். அடுக்கிய பெண் நான். தாளுக்குத் தாள் நடுவில் மெல்லிய காகிதம் வைத்து அடுக்கினேன், எண்ணி அடுக்கினேன். மறுநாள் பார்த்தால் காகிதம் ஒன்றுகூட இல்லை, நானூற்றெண்பதும் ஒட்டிப் பலகை மாதிரி கிடந்தது. அந்த வரியை எடுக்கவேண்டும் என்றால் பார்த்த ஒருத்தர் எழுதித் தரவேண்டுமாம். இருமல் அக்கா இல்லை. ரெட்டைப்பின்னலுக்குப் பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியவில்லை. பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவள் நீ. நான் காகிதம் வைத்ததைப் பார்த்தாய். ரெண்டு வரி எழுதி அனுப்பு. மாத்திரையை வேளைக்குப் போடு.

அண்ணி


மார்ச் 29

அன்புள்ள அண்ணிக்கு,

உங்க கடிதத்தை மருமகள்தான் பிரிச்சா. எட்டுப் பேர் லிஸ்டைப் பார்த்துட்டு, "அத்தை, உங்க மேல யாரோ கேஸ் போட்டிருக்காங்க"ன்னு எழுதிக் காட்டினா. சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுப்போச்சு. உங்க முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்க. எனக்குச் சர்க்கரை இருக்கு, கூடவே காதுக்குள்ள எந்நேரமும் ஒரு மிஷின் ஓடுது. வெளிச்சத்தம் எதுவும் கேட்காது, அது மட்டும் கேட்கும்.

கடைசிக் காட்சி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அக்கா ஓடிப்போய்த் தங்கச்சியைக் கட்டிப்பிடிக்கிறா. ஞாபகத்தைக் கொடுத்தா என்ன, ரத்தம் சும்மா இருக்குமா. அப்படியே தூக்கி இடுப்புல வெச்சுக்கறா. நானே பெயிண்ட் அடிச்சேன், அந்தப் பச்சைப் பாவாடை மடிப்பு ஒவ்வொண்ணும் கண்ணு முன்னாடி நிக்குது. அந்தப் பொண்ணுகிட்ட அப்படியே சொல்லிடுங்க, சந்தோஷமா முடியட்டும்.

பேத்தி படிக்கிறாளா, படுத்துறாளா? அண்ணன் போட்டோவுக்குப் புது சட்டம் போட்டீங்கன்னு மகன் சொன்னான். நல்லது.

உங்க ஊசி


ஏப்ரல் 5

ஊசிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். முழங்கால் அசையவில்லை, பாத்திரம்தான் கரிந்தது.

கட்டிப்பிடித்தாளா? உன் தாள் மேலே, என் தாள் கீழே. மேலே இருக்கிறவள் கட்டிப்பிடித்தால் கீழே இருக்கிறவளின் முகம் மறைந்துபோகும். மறைகிற இடத்தில் ஒரு சொட்டுப் பெயிண்ட் வைக்கக் கண்ணாடிக்காரர் விடுவாரா? ரெட்டைப்பின்னல் ஒரு தடவை மேஜைக்குப் பின்னால் மறைகிற பூனைக்கு வால் வரைக்கும் அடித்துவிட்டு அரைமணி நேரம் நின்றுகொண்டே திட்டு வாங்கவில்லையா? நான் நானூற்றெண்பதாம் தாள் வரைக்கும் சின்னவளுக்கு முழு முகம் அடித்தேன், காது மடல் உட்பட. அவள் இடுப்பில் ஏறவும் இல்லை, தரையை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. பொய் சொல்கிறதற்கும் வேலை தெரிந்திருக்க வேண்டும்.

நான் நினைப்பது வேறு. அக்காவுக்கு அடையாளம் தெரியவில்லை. ஏதோ ஒரு குழந்தை என்று திரும்பி நடந்துவிட்டாள். பக்கத்தில் நிற்கிறவளை அண்ணாந்து பார்க்கவேண்டும், தூரப் போகிறவளை நேராகப் பார்த்தால் போதும். அதுதான் கண் இறங்குகிறது. இதை வீட்டில் சொன்னேன். மருமகள், "ஐயோ அத்தை, குழந்தைங்க படத்துல போய்" என்கிறாள். அவள் கணக்குப்படி பனிக்கிழவி மனம் திருந்தி மூணு பேரும் ஒரே வீட்டில் இருப்பார்களாம். பேத்தி கணக்குப்படி சின்னவள் பனிக்கிழவியைக் கடித்துவிடுவாள். கடிக்கிறதுக்கு நான் சம்மதம்.

கேட்டது ரெண்டு. ஒன்றுக்குப் பொய் வந்தது, ஒன்றுக்கு ஒன்றுமே வரவில்லை. காகிதம் வைத்ததைப் பார்த்தாயா இல்லையா?

சர்க்கரை என்றால் வாயைக் கட்டு.

அண்ணி


மே 20

ஊசிக்கு,

ஆறு வாரம் ஆகிறது. உனக்கு எதுவும் ஆகவில்லை என்று உன் மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். காலையில் நடக்கிறாயாம், சாப்பிடுகிறாயாம். அப்படியானால் கை நன்றாகத்தான் இருக்கிறது.

புத்தகம் இந்த வருஷக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. அந்தப் பெண் ரெண்டு தடவை போன் பண்ணிவிட்டாள். என்னைக் 'கவனக்குறைவு' என்று எழுதி என் பேத்தி கையிலேயே கொடுக்கப்போகிறார்கள். அவளுக்கு இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்க வருகிறது. எதைப் பார்த்தாலும் படிக்கிறாள், மருந்துச் சீட்டைக்கூட விடுவதில்லை.

அண்ணி


ஜூன் 2

அன்புள்ள அண்ணிக்கு,

கோவிச்சுக்காதீங்க. கண்ணு டாக்டர், காது டாக்டர், பல் டாக்டர்னு ஒவ்வொரு வாசலா உட்கார்ந்தே ஏப்ரல் போச்சு, மே போச்சு. என்னை முழுசா ரிப்பேர் பண்ணணும்னா அந்தப் படம் பொண்ணுதான் வரணும்.

நான் கட்டிப்பிடிச்சான்னு சொன்னது தப்பா இருக்கலாம். நாற்பத்தாறு வருஷம். உங்களுக்கு இருக்கற ஞாபகம் ஊர்ல யாருக்கு இருக்கு? நான் இப்ப எந்த மாத்திரை போட்டேன்னே மறந்துடறேன். விட்டுடுங்களேன் அண்ணி. அந்தப் புத்தகத்தை யார் படிக்கப்போறா? கண்ணாடிக்காரரும் செத்துட்டார். அவரைத் திட்டித் திட்டியே உங்களுக்கு ரத்தக்கொதிப்பு ஏறினதுதான் மிச்சம். பாவம், அவரும் என்ன பண்ணுவார். படம் எடுக்கறவங்க அவர் கழுத்துல உட்கார்ந்திருந்தாங்க.

வயசாச்சு. நிம்மதியா இருங்க.

உங்க ஊசி


ஜூன் 11

ஊசிக்கு,

கண்ணாடிக்காரரைப் பாவம் என்று சொன்ன முதல் ஆள் நீதான். நான் விட்டுவிட மாட்டேன். கேட்டுக்கொள்.

அன்று காலை ஒட்டிக் கிடந்த அந்தத் தாள் பலகையை மேஜைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "உன் கைன்னு நம்பித்தானேம்மா குடுத்தேன்" என்றார். எல்லாருக்கும் எதிரில். நான் காகிதம் வைத்தேன் என்றேன். "அப்ப காகிதம் நடந்து போயிடுச்சா?" என்றார். ரெட்டைப்பின்னல் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை, அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ கையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாய். அந்த மாசம் முழுக்க நீ சாப்பிடும்போதுகூட வேலை செய்கிற துணிக் கையுறையைக் கழற்றவில்லை. திமிர் என்று நினைத்தேன்.

பத்து மணிக்கு வெளியே வந்தேன். அடுத்த படத்துக்குத் தாள் சரிபார்க்கிற வேலை எனக்கு என்று பேச்சு. அந்த நாற்காலியில் அப்புறம் நீ உட்கார்ந்தாய், எட்டு வருஷம். அதை நான் குத்திக்காட்டவில்லை, உட்கார்ந்தாய் என்று சொல்கிறேன். நான் ஆஸ்பத்திரிச் சலவைக்குப் போனேன். முப்பத்தொரு வருஷம் வெள்ளைத் துணி. ஒரு கலர் கிடையாது. முதல் வருஷம் விரிப்புகளை மடிக்கும்போது நடுவில் காகிதம் வைக்கக் கை தானாகப் போகும். அங்கேயும் சிரித்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் என்னை நம்பின ஒரே ஆள் உன் அண்ணன். நான் காகிதம் வைத்தேன் என்று சொன்னபோது, "நீ வெச்சிருப்பே, எனக்குத் தெரியும்" என்றார். ஒரு கேள்வி கேட்கவில்லை. சாப்பிடும்போது கண்ணாடிக்காரர் பேச்சை எடுத்தால், "ஆமா, அவன் ஆளே சரியில்லை" என்று கூடச் சேர்ந்து சொல்லுவார். அவர் இருந்திருந்தால் ரெண்டு வரி எழுதித் தந்திருப்பார். உன்னிடம் இப்படிக் கெஞ்சிக்கொண்டிருக்க மாட்டேன்.

அண்ணி


ஆகஸ்ட் 23

அண்ணிக்கு,

எப்படி இருக்கீங்கன்னு கேட்க எனக்கு முகம் இல்லை. கேட்கறேன்.

உங்க ஜூன் கடிதத்தை எத்தனை தடவை படிச்சேன்னு தெரியலை. கடைசிப் பத்தி வந்ததும் மடிச்சு வெச்சுடுவேன். இதை மூணு தடவை எழுதிக் கிழிச்சேன். இது நாலாவது.

அந்த மாசம் எனக்கு வலது மணிக்கட்டு வீங்கிப்போச்சு. பிரஷ் பிடிச்சா முழங்கை வரைக்கும் சுண்டும். சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு உறைக்குள்ள மறைச்சுக்கிட்டேன். முந்நூற்றுத் தொண்ணூறு தாள் முடிச்சேன். அதுக்கு மேல முடியலை. கடைசித் தொண்ணூறு தாள்ல வெறும் கோடுதான், பெயிண்ட் இல்லை. எல்லாம் முடிச்சாச்சுன்னு உங்ககிட்ட சொல்லி, நானே அடுக்கிக்கறேன்னு என் தாள்கட்டை மூடி அலமாரியில வெச்சுட்டேன். மறுநாள் காலையில சோதனைன்னு தெரிஞ்சதும் எனக்கு உயிரே போச்சு. பெயிண்ட் கலக்கற அறைக்குப் போய் அண்ணன்கிட்ட அழுதேன்.

காயவைக்கற அறைச் சாவி அவர்கிட்டதான் இருந்தது. மறுநாள் விடிஞ்சதும் என்னையும் கூட்டிக்கிட்டு எல்லாருக்கும் முன்னாடி போனார். உங்க கட்டை எடுத்தார். காகிதத்தை ஒண்ணொண்ணா உருவி என் கையில கொடுத்தார். ஈரத்துணியால தாளைத் தடவித் தடவி வெச்சு, மேல இரும்புப் பலகையை ஏத்தினார். உங்க தாள் போச்சுன்னா காட்சியே போச்சு, என் கட்டை யாரும் பிரிக்க மாட்டாங்க. அதுதான் அவர் கணக்கு. அப்படியேதான் ஆச்சு.

நான் கேட்டேன் அண்ணி. "அண்ணிக்கு வேலை போயிடுமே"ன்னு கேட்டேன். "அவளுக்கு நான் இருக்கேன். உனக்கு யார் இருக்கா?"ன்னார். எனக்குப் பத்தொன்பது வயசு. அந்தக் காகிதத்தை எல்லாம் ரவிக்கைக்குள்ள வெச்சு வெளியே கொண்டுபோய் ஓடையில போட்டேன். நீங்க வெச்ச காகிதம். எண்ணிப் பார்க்கலை, ஆனா நீங்க வெச்சீங்க.

பெயிண்ட் அடிக்கலையே தவிர கோட்டைப் பார்த்திருக்கேன். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்றுல அக்கா உட்கார்றா. கட்டிப்பிடிக்கவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. அடையாளமும் தெரியலை. அத்தனை கதவு ஏறி வந்தவளுக்குக் கால் வலிக்குது, அந்தக் குழந்தை பக்கத்துல தரையிலேயே உட்கார்ந்துடறா. ரெண்டு பேர் முகமும் ஒரே உயரத்துக்கு வருது. நீட்டின கையைப் பார்க்கறா. தன் கையை அதுல வைக்கறா. கடைசித் தாள்ல அவ வாய் லேசாத் திறந்திருக்கு. யார்னு கேட்கறாளோ என்னவோ.

உங்களுக்கு வேணும்கற ரெண்டு வரியைத் தனித்தாள்ல எழுதி இதோட வெச்சிருக்கேன். 'அண்ணி காகிதம் வெச்சு அடுக்கினதை நான் பார்த்தேன். எடுத்தது நான்.' அவ்வளவுதான் எழுதியிருக்கேன். அண்ணனை அதுல இழுக்காதீங்க. அவர் செத்துப்போனவர்.

ஊசி


செப்டம்பர் 30

அண்ணிக்கு,

கடிதம் வந்து சேர்ந்ததுன்னு உங்க மகன் என் மகன்கிட்ட சொன்னானாம், இவன் எழுதிக் காட்டினான். அம்மா வேளைக்குச் சாப்பிடறாங்க, அப்பா போட்டோவைக் கூடத்துலேருந்து கழற்றித் துணிக்கூடைக்கு மேல வெச்சிருக்காங்கன்னானாம்.

திட்டியாவது ரெண்டு வரி எழுதுங்க. எனக்கு வர்ற சத்தம் இப்ப உங்க கடிதம் மட்டும்தான்.

ஊசி


அக்டோபர் 9

ஊசிக்கு,

உன் மணிக்கட்டு இப்போது எப்படி இருக்கிறது? அப்புறம் கேட்கலாம் என்றால் கோபத்தில் மறந்துவிடுவேன், அதனால் முதலில் கேட்டுவிட்டேன். சமையலில் கனமாக எதையும் தூக்காதே.

அந்தப் பெண்ணை வரச் சொல்லி, நீ எழுதியதைச் சொன்னேன். உன் அக்காவை அவள் பென்சிலால் வரைந்தாள். என் சின்னவளை நான் சொல்லச் சொல்ல இன்னொரு தாளில் வரைந்தாள், நாலு தடவை அழிக்க வைத்தேன். ரெண்டையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தோம். கண்ணுக்குக் கண் சரியாக வந்தது. பேத்தி நாற்காலியில் ஏறிப் பார்த்துவிட்டு, "அவ்வளவு தூரம் போனாங்கல்ல, உட்காரத்தான் செய்வாங்க" என்றாள். திரும்பி நடந்துவிட்டாள் என்று நாற்பத்தாறு வருஷம் நான்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீ எழுதிய ரெண்டு வரியை அவளிடம் கொடுக்கவில்லை. அதில் பாதிதான் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி நானே சொன்னேன், அவள் எழுதிக்கொண்டாள். பெரியவனுக்குப் பொறுக்கவில்லை. "அப்பா பேர் எதுக்கும்மா இப்ப?" என்றான். "உங்கம்மா பேர் இருக்கலாமாடா?" என்றேன். எழுந்து வெளியே போய்விட்டான். பழைய வரியை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில், தாள்களைப் பெயிண்ட் கலக்குபவர் நனைத்தார், அடுக்கிய பெண்ணின் மேல் தவறு இல்லை என்று வருகிறது. படித்துக் காட்டினாள். ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன். இவ்வளவு சின்ன வரியா என்று இருந்தது.

கண்ணாடிக்காரர் செத்தபோது நான் பார்க்கப் போகவில்லை. போய்விட்டு வந்த இருமல் அக்காவை வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேட்டேன், அந்த மனுஷனுக்குமா ஒரு மாலை என்று. அவள் இருமிக்கொண்டே நின்றாள். அவர் மகள் இந்தப் பக்கம்தான் எங்கோ இருக்கிறாளாம், விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். முழங்கால் விட்டால் ஒரு நாள் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

உன் மேல் இருந்த கோபம் போய்விட்டது. எப்போது போனது என்று தெரியவில்லை, ஒரு நாள் துணி மடிக்கும்போது தேடிப் பார்த்தேன், காணோம். வலிக்கிற கையை ஒரு மாசம் பக்கத்து மேஜையில் ஒளித்து வைத்திருந்தாய், பெயிண்ட் சொட்டு சிந்தினால் கண்டுபிடிக்கிற நான் கண்டுபிடிக்கவில்லை. கேட்டிருந்தால் அந்தத் தொண்ணூறையும் நானே அடித்துக் கொடுத்திருப்பேன். உன் அண்ணனுக்கும் அது தெரியும். அவர் என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தாளை நனைத்ததைக்கூட விட்டுவிடலாம். தங்கை அழுதாள், பதறிப்போய்ச் செய்தார் என்று வைத்துக்கொள்ளலாம். நாற்பது வருஷத்தை எப்படி வைத்துக்கொள்வது? நான் அந்த மனுஷனைத் திட்டும்போதெல்லாம் எதிரில் உட்கார்ந்து, எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, "ஆமா, அவன் ஆளே சரியில்லை" என்று சொன்னதை?

மழைக்காலம் வருகிறது, காதைத் துணியால் மூடிக்கொள். அடுத்த கடிதத்தில் மணிக்கட்டைப் பற்றி எழுது. நான் செத்த பிறகு யாராவது உன்னிடம் வந்து, அவள் எல்லாரையும் மன்னித்துவிட்டாளா என்று கேட்பார்கள். எல்லாரையும் மன்னித்துவிட்டாள், ஒருத்தரைத் தவிர என்று சொல். யார் என்று கேட்டால் மறைக்காதே, சொல்லிவிடு: உன் அண்ணன்.